வண்ணம் என்னும் வினைச்சொல்

தமிழில் 'வண்ணம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று நிறம், மற்றொன்று சந்தம். தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களை வகுத்துக் கூறுகின்றார். அவற்றுள் ஒழுகு வண்ணம், உருட்டு வண்ணம், முடுகு வண்ணம், தூங்கல் வண்ணம், ஏந்தல் வண்ணம் என்னும் பெயர்களை மட்டும் எடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போமாயின், அவை யாவும் இயக்கத்தின் பெயர்களாகவே இருத்தலைக் காணலாம். ஒழுகுதல், உருளுதல், முடுகுதல், தூங்குதல் என்பன ஓடுவனவும் அசைவனவும் ஆகிய பொருள்களின் தொழில்கள். பிற்காலத்தில் அருணகிரிநாதர் வண்ணப்பாவால் திருப்புகழ் பாடினார். அவ்வழியிலேயே காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடினார். நிறத்துக்கும் நடைக்கும் ஒரு சொல்லையே நம் முன்னோர் வழங்கினர் என்பது ஒரு புறம் இருக்க, அச்சொல் நமக்கு ஓர் ஓவியத்தைப் படிக்கக் கற்றுத்தரும் என்பதே இக்கட்டுரையில் நாம் காட்ட விழைவது.

அவ்வோவியம் கிருஷ்ண ரெட்டி என்னும் கலைஞர் 1963ஆம் ஆண்டில் ஆக்கிய 'நீர்ச்சுழி'. அது தூரிகையால் தீட்டப்பட்டதன்று. உலோகத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிடப்பட்ட பதிப்போவியம். அதில் ஆறும் இல்லை, படகும் இல்லை, கரையும் இல்லை. எனினும் பார்ப்பவர் கண் சுழல்கின்றது.

தமிழ்த்துறை மலரில் ஓவியத்துக்கு என்ன இடம் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலை, எட்டயபுரம் ஆகிய ஊர்ப்பக்கங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் கரிசல் நாட்டு மாணவர்களிடம் இத்தகைய படம் ஒன்றைக் காட்டினால் எழும் முதல் வினா, "இது என்ன படம், ஐயா?" என்பதே. விடை கிடைக்காதபோது இரண்டாவதாக எழுவது வினாவன்று, ஒரு முடிவு: "இதெல்லாம் நமக்குப் புரியாது." இம்முடிவு ஓவியத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒரு சங்கப் பாடலில் கதை இல்லை, நிகழ்ச்சி இல்லை, ஒரு நிறம் மட்டுமே பரவி நிற்கின்றது என்றால், அப்பாடலையும் அதே மாணவர் "இதில் என்ன இருக்கிறது" என்று தள்ளிவிடுகின்றார். ஆகவே இது தமிழ் வகுப்பறையின் சிக்கலுமாகும்.

கோவில்பட்டியின் கண்

நம் பகுதியார் படம் அறியாதவர் அல்லர். சென்னைக் கலைப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு (1898-1976) நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை தீட்டி வந்தவர்; 1940களில் கோவில்பட்டிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய மாணவர்களும் தீட்டிய படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாக அச்சேறி, தென்னகத்தின் எண்ணற்ற வீட்டுச் சுவர்களுக்குச் சென்றன. கடையிலும் கூடத்திலும் அடுக்களையிலும் மக்கள் நாள்தோறும் பார்த்த ஓவியம் அதுவே. ஓவியக் கூடத்துக்கு வாழ்நாளில் ஒருமுறையும் சென்றிராத கரிசல் உழவர்க்கும் கோவில்பட்டியின் தூரிகை அறிமுகமாகியிருந்தது.

அப்படங்களில் இயக்கம் இல்லையா எனின், உண்டு. மயில் தோகை விரிக்கும், முந்தானை பறக்கும், முகில் திரளும். ஆனால் இயங்குவது உருவமே. நிறம் அவ்வுருவத்துக்கு ஏவல் செய்யும். பச்சை தோகைக்கு உரியது. நீலம் வானுக்கு உரியது. தோகையை நீக்கிவிட்டால் பச்சைக்கு அங்கு வேலை இல்லை. இதனைக் குறையாகச் சொல்கின்றோம் அல்லோம். அக்கலையின் இலக்கணம் அது. முஸ்லிம் வீடுகளுக்கென்று அதே சிவகாசி அச்சகங்கள் அச்சிட்ட நாட்காட்டிகளில் மனித உருவம் இராது. மக்கா, மதீனாப் பள்ளிகளும் அழகெழுத்தும் பூங்கொடியும் இருக்கும். அங்கும் நிறம் ஒரு பொருளைச் சார்ந்தே நின்றது.

நிறம் தன்னுரிமை பெற்ற ஒரு படத்தையும் நம் பகுதியார் பார்த்திருக்கின்றனர். அதைப் படம் என்று மட்டும் கருதியதில்லை. சிவகாசியில் நான்கு வண்ண அச்சில் மஞ்சள், செம்மை, நீலம், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. நான்கும் மயிரிழை பிசகாமல் பொருந்தினால்தான் முகம் முகமாகும். அச்சக வழக்கில் இப்பொருத்தத்தை 'ரிஜிஸ்டர்' என்பர். அது கூடிவரும் வரை ஓட்டிப் பார்ப்பதற்கு, முன்பே அச்சான கழிவுத் தாளையே மீண்டும் மீண்டும் இடுவர். ஒரே தாளில் பட்டாசுச் சிட்டையும், திருமண அழைப்பின் பூவும், பாடநூல் அட்டையும் ஏறிக் கலந்து, எதுவும் எதுவாகவும் இராத ஒரு நிறக்கலவை பிறக்கும். அத்தாள்கள் எடைக்கு விற்கப்பட்டுக் கடைகளில் பொட்டலமாகவும் பள்ளிப் பிள்ளைகளின் ஏட்டுக்கு மேலுறையாகவும் வந்து சேர்ந்ததை நாம் கண்டதுண்டு. அவற்றுள் சிலவற்றில் செம்மை ஒருபுறம் விலகி நீலத்தின் ஓரமாய் ஓடும்போது, அத்தாள் நடுங்குவதுபோல் தோன்றும். பிழையால் வந்த நடுக்கம் அது. கலைஞன் அதனைத் தெரிந்தே வருவிக்கும்போது எவ்வாறு இருக்கும் என்பதே அடுத்த வினா.

தகடும் எண்ணெயும்

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளுதல் நலம். நாட்காட்டிப் படம் என்பது முன்பே தீட்டி முடித்த ஓவியத்தின் படி. மூலம் வேறு, அச்சு வேறு. பதிப்போவியத்தில் அச்சுக்கு முன் மூலம் என்று ஒன்று இல்லை. தகடு கருவி மட்டுமே; தாளில் விழுந்ததே ஓவியம். கலைஞர் சில படிகளே எடுத்து, எண்ணிட்டுக் கையொப்பமிடுவார். இன்று கடைகளிலும் இணையத்திலும் 'அருவ ஓவிய அச்சு' என்று சட்டமிட்டு விற்கப்படுவன பெரும்பாலும் முதல் வகையைச் சார்ந்தவை. கணினியிலிருந்து மைபீச்சி அச்சிட்ட படிகள்.

கிருஷ்ண ரெட்டி 1925இல் ஆந்திர நாட்டுச் சித்தூர்ப் பகுதியில் பிறந்தவர். சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸிடம் பயின்றார். பின்னர்ச் சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவுக்குத் தலைமை ஏற்றுச் சில ஆண்டுகள் பணியாற்றினார். ஆகவே அவர் தமிழ்நாட்டிலும் ஆசிரியராக இருந்தவர் என்று நாம் உரிமை கொண்டாடலாம். அதன்பின் இலண்டன் சென்று ஹென்றி மூரிடமும், பாரிஸில் சாட்கினிடமும் சிற்பம் பயின்றார். பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹெய்டர் 1927இல் தொடங்கிய 'அத்தெலியே 17' என்னும் பதிப்போவியப் பட்டறையில் சேர்ந்து, பிற்காலத்தில் அதன் இணை இயக்குநராகவும் விளங்கினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நியூயார்க்கில் நெடுங்காலம் வாழ்ந்து 2018இல் மறைந்தார்.

சிற்பி என்பதை மறவாதிருத்தல் வேண்டும். மற்றவர் தகட்டில் கோடு கீறினர். அவர் தகட்டைச் செதுக்கினார். தகட்டின் மேற்பரப்பு ஒரு நிலை, அதனினும் தாழ்ந்தது ஒரு நிலை, ஆழ்ந்த பள்ளம் ஒரு நிலை எனப் பல மட்டங்கள் அதில் அமைந்தன. மேடும் பள்ளமும் உடைய சிறு நிலப்பரப்பு என்று அதனைக் கருதலாம்.

அதுவரை பல வண்ணப் பதிப்போவியத்துக்கு நிறத்துக்கு ஒரு தகடாகப் பல தகடுகள் வேண்டியிருந்தன. தாளும் பலமுறை அழுத்தப்பட வேண்டியிருந்தது. சிவகாசி எந்திரத்தின் அடிப்படையும் அதுவே. கிருஷ்ண ரெட்டியும், ஹெய்டரும், பம்பாயிலிருந்து சென்ற கைகோ மோத்தியும் பட்டறையில் உடன் உழைத்தோரும் கண்ட முறையில் ஒரே தகடு, ஒரே அழுத்தம், பல நிறங்கள். இதன் மறைபொருள் ஆளி விதை எண்ணெயில் உள்ளது. ஒரு மையில் எண்ணெயை மிகுதியாகச் சேர்த்து இளக்குவர். மற்றொன்றைக் கெட்டியாக வைப்பர். முதலில் ஆழ்ந்த பள்ளங்களில் ஒரு மையை நிரப்பி மேற்பரப்பைத் துடைத்துவிடுவர். பிறகு இளகிய மையைக் கடின உருளையால் உருட்டினால், அவ்வுருளை வளையாதாகையால் மேட்டை மட்டுமே தொடும். அடுத்துக் கெட்டி மையை மென்மையான உருளையால் உருட்டுவர். அது வளைந்து இறங்கித் தாழ்ந்த இடங்களையும் தொடும். மேட்டில் முன்பே உள்ள எண்ணெய் மிக்க மை இக்கெட்டி மையை ஏற்பதில்லை, பள்ளம் ஏற்கின்றது. இரண்டு நிறங்களும் கலந்து சேறாகாமல் தத்தம் இடத்தில் நிற்கின்றன. எண்ணெயின் அளவைச் சிறிது மாற்றினால் ஒன்றையொன்று மறுப்பதற்குப் பதிலாக ஒன்றன்மேல் ஒன்று படியும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு மூன்றாம் நிறம் தோன்றும். ஏற்றலும் மறுத்தலும் ஆகிய இவ்விரு தொழில்களாலேயே படம் பிறக்கின்றது.

இதனைக் கரிசல் நாட்டார்க்கு விளக்குதல் எளிது. ஒரே மழை ஒரே புஞ்சையில் விழுந்தாலும், மேட்டில் வழிந்தோடும், பள்ளத்தில் தங்கும், வெடிப்பில் இறங்கும். மறுநாள் அப்புஞ்சை மூன்று நிறமாய்க் கிடக்கும். மழை ஒன்றுதான், மட்டங்கள்தாம் வேறு.

சுழியைப் பார்த்தல்

'நீர்ச்சுழி'யைக் காணும்போது கண் முதலில் செல்வது நடுவுக்கே. அங்கிருந்து வலைபோன்ற கோடுகள் வளைந்து வெளியே விரிகின்றன. கோடுகளுக்கு இடையே கண்ணறைகள் போன்ற சிறு வடிவங்கள் நடுவில் நெருங்கியும் ஓரத்தில் அகன்றும் அடுக்கப்பட்டுள்ளன. கோட்டின் ஒருபுறம் ஒரு நிறமும் மறுபுறம் வேறொரு நிறமும் மின்னுவதால் கண் ஓரிடத்தில் நிற்க மாட்டாமல் அடுத்த அறைக்குத் தாவுகின்றது. தாவித் தாவி வட்டமிட்டு நடுவுக்கே மீள்கின்றது. தாள் அசையவில்லை, அசைந்தது நம் கண். இதுவே நிறத்தால் இயக்கம் காட்டுதல் என்பதன் உண்மைப் பொருள். கொண்டையராஜுவின் படத்தில் மயில் ஆடுகின்றது, நாம் நின்று பார்க்கின்றோம். இங்கு நாமே ஆட்டி வைக்கப்படுகின்றோம்.

நிறங்கள் அருகருகே நிற்கும்போது ஒன்றையொன்று மாற்றும் என்பதை முறையாக ஆராய்ந்து உரைத்தவர் செவ்ரோல் என்னும் பிரெஞ்சு வேதியியலறிஞர். பாரிஸில் கோபலான் நெசவுக் கூடத்தின் சாயப் பிரிவை மேற்பார்த்த அவரிடம், நீல, ஊதா ஆடைகளின் மடிப்பு நிழலுக்குப் பயன்பட்ட கறுப்பு நூல் ஆழமின்றி வெளிறித் தோன்றுகின்றது என்று முறையீடு வந்தது. அவர் பிற இடத்துக் கறுப்பு நூல்களையும் தருவித்து ஒப்பிட்டார். நூலில் குறையில்லை. அருகிலிருந்த நீலமும் ஊதாவுமே கறுப்பை வலுவிழக்கச் செய்தன எனக் கண்டார். 1839இல் இதனை நூலாக வெளியிட்டார். பிற்காலத்துப் பாரிஸ் ஓவியர் பலர்க்கு, குறிப்பாக இராபர்ட், சோனியா தெலோனே இணையர்க்கு, இக்கருத்தே ஊற்றாயிற்று. ஒரு கறுப்பு நூலின் மீது எழுந்த ஐயம் ஓவிய உலகின் போக்கையே திருப்பியது என்பது கரிசலில் பிறந்தோர்க்குச் சற்றே மகிழ்ச்சி தரும் செய்தி.

கரியனும் கறுத்தானும்

இனி நம் இலக்கணத்துக்கு வருவோம். 'கரியன்' என்பது குறிப்பு வினைமுற்று. காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. 'கறுத்தான்' என்பது தெரிநிலை வினைமுற்று; இறந்த காலத்தைத் தெளிவாகக் காட்டும். ஒரே நிறம் ஒரு சொல்லில் நிற்கின்றது. மற்றொரு சொல்லில் நிகழ்கின்றது. கிழக்கு வெளுத்தது, கண் சிவந்தது, வானம் கறுத்தது, பயிர் பழுத்தது என்று நாம் நாளும் பேசுகின்றோம். ஆங்கிலத்தில் நிறம் பெரும்பாலும் அடைமொழியாய் நிற்க, தமிழில் அது எளிதில் வினையாகி நடக்கின்றது. தொல்காப்பியர் உரியியலில், கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் வெகுளியைக் குறிக்கும் என்று முதலில் கூறி, அவை நிறத்தை உணர்த்தவும் உரியன என்று அடுத்துக் கூறும் வரிசை நோக்கத்தக்கது. உள்ளத்தின் அசைவு முன்னே, நிறம் பின்னே. 'கறுவுதல்' என்று கரிசல் மக்கள் இன்றும் சொல்வதில் அப்பழம்பொருள் உயிரோடிருக்கின்றது.

நாட்காட்டிப் படத்தில் நிறம் குறிப்பு வினை. 'நீர்ச்சுழி'யில் அது தெரிநிலை வினை என்று நாம் சொல்லத் துணிகின்றோம். மாணவர் இவ்வொரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், "இது என்ன படம்" என்னும் வினா, "இதில் நிறம் என்ன செய்கின்றது" என்னும் வினாவாக மாறிவிடும். முதல் வினாவுக்கு விடையில்லை, இரண்டாவதற்கு உண்டு.

இவ்வினாவோடு பசலைப் பாடல்களை அணுகுவோம். பசலை என்பது பிரிவால் தலைவியின் மேனியில் தோன்றும் நிற வேறுபாடு என்று குறிப்புரை எழுதிக் கடந்துவிடுதல் நம் வகுப்பறை வழக்கம். குறுந்தொகையின் 399ஆம் பாடலில் பரணர் காட்டுவது வேறுபாட்டை அன்று, ஓட்டத்தை. ஊரார் நீருண்ணும் கேணியில் படர்ந்த பாசி, கை பட்ட இடத்தில் எல்லாம் விலகும்; கை எடுத்த இடத்தில் எல்லாம் மீண்டும் வந்து மூடும். தலைவன் தொடும்போதெல்லாம் விலகி, விடும்போதெல்லாம் பரவுவது பசலை. அப்பாடலில் தலைவியின் முகம் இல்லை, அணிகலன் இல்லை, நிகழ்ச்சி என்று ஒன்றும் இல்லை. ஒரு பச்சை விலகிப் பரவுகின்றது, அவ்வளவே. வள்ளுவரோ பசப்புறு பருவரலில் இன்னும் ஒருபடி சென்று, விளக்கு அணையும் நொடியை எதிர்நோக்கிக் காத்திருக்கும் இருளைப்போல, தழுவல் நெகிழும் நொடியை எதிர்நோக்கிப் பசப்பு காத்திருக்கின்றது என்கின்றார். சற்றே புரண்ட அளவில் அள்ளிக்கொள்வதுபோல் வந்தது என்றும் தலைவியைப் பேச வைக்கின்றார். நிறத்துக்கு விரைவு உண்டு, காத்திருப்பு உண்டு, பாய்ச்சல் உண்டு. இதனை ஒப்பிய மாணவர், கிருஷ்ண ரெட்டியின் தகட்டிலும் தொட்ட இடத்தில் விலகித் தொடாத இடத்தில் படியும் மையைக் கண்டு வியக்க மாட்டார். அறிந்த ஒன்றையே காண்பார்.

உருவின்றி நிறத்தை ஓடவிடும் அச்சுமுறை ஐரோப்பியர் கண்டது என்று நினைத்தலும் பிழை. பிசின் கலந்த நீர்மேல் வண்ணங்களைத் தெளித்து, சீப்பாலும் ஊசியாலும் அவற்றை அலைத்து, அவ்வலையின்மேல் தாளை மெல்லப் படியவைத்து எடுக்கும் கலை பாரசீகத்தில் 'அப்ரி' எனப்பட்டது. 'அப்ர்' என்றால் மேகம். மேகத்தாள் என்று நாம் பெயர்க்கலாம். துருக்கியில் 'எப்ரு' என வழங்கும் இக்கலையை 2014இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தக்காணத்துப் பிஜாப்பூரில் 17ஆம் நூற்றாண்டில் இம்முறையால் மெலிந்த குதிரையின் உடலையே மேகமாக்கிய படங்கள் தோன்றின. பழைய கையெழுத்து நூல்களின் உள்ளட்டையில் இத்தாளைக் காணலாம். ஒரு முறை எடுத்த தாளைப்போல் மற்றொன்று வாராது. உருவம் தீட்டத் தயங்கும் குடும்பத்திலிருந்து வரும் மாணவர்க்கு ஓவியக் கலையில் இடமில்லை என்று எவரேனும் உரைப்பின், இத்தாள் ஒன்றை அவர்முன் வைத்தால் போதும்.

தமிழ்நாட்டிலும் இத்துறையில் உழைப்போர் உளர். 1957இல் தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் பதிப்போவியத்தில் வெளி, காலம், இயக்கம் ஆகியவற்றையே தம் பொருளாகக் கொண்டவர்.

இவ்வளவு சொல்லியபின், அருவமாய் இருப்பன எல்லாம் நன்று என்று நாம் கூறுவதாகக் கொள்ளற்க. விடுதி வரவேற்பறைகளில் நாற்காலியின் உறைக்கு ஏற்ற நிறத்தில் தொங்கும் படங்கள் பல, இயக்கம் என்னும் பெயரால் வண்ணத்தைச் சிந்தியவையே. சிந்துதல் வேறு, ஓடுதல் வேறு. நாம் கையாளும் சோதனை ஒன்றுண்டு. படத்தின் ஒரு பகுதியைக் கையால் மறைத்துக்கொள்க. மறைத்த இடத்தை நோக்கிக் கண் தானாகவே சென்று முட்டுமாயின் அதில் நடை உண்டு. மறைத்ததும் மறையாததும் ஒன்றாகவே இருப்பின், அது வண்ணத்தாள், சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். எதுகை மோனை இருந்தும் நடையற்ற செய்யுளை நாம் எவ்வாறு கண்டுகொள்கின்றோமோ அவ்வாறே இதுவும்.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்க்கு ஒரு பயிற்சி. ஐப்பசியில் நல்ல மழை விழுந்த மறுநாள் காலையில் ஊர்ப்புறத்துப் புஞ்சை ஒன்றின் வரப்பில் நின்று, அம்மண்ணின் கறுப்பைப் பார்க்க. நனைந்த கறுப்பு, ஈரம் வாங்கும் கறுப்பு, வெயிலேறிச் சாம்பல் பூக்கும் கறுப்பு, வெடிப்பினுள் இன்னும் விடியாத கறுப்பு என எத்தனை உள என்று எண்ணுக. நண்பகலில் மீண்டும் சென்று, எது எத்திசையில் நகர்ந்துள்ளது என்று காண்க. கண்டதைப் பத்து வரிகளில் எழுதுக. 'போல' என்னும் உவம உருபைக் கையாளலாகாது; நிறச்சொற்கள் யாவும் வினைமுற்றாகவே வருதல் வேண்டும். எழுதியதைத் துறையில் கொணர்ந்து தருவோர்க்கு, 'நீர்ச்சுழி'யின் படியைக் காட்டக் காத்திருக்கின்றோம்.